ஐயூவை நடிகை என்று எப்போது ஒப்புக்கொண்டீர்கள்?

நள்ளிரவு ரசிகன்

'மை மிஸ்டர்' தொடரை மூன்றாம் தடவையாகப் பார்த்து முடித்த கையோடு எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் கொரியத் தொடர்களைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் பாட்டும் ஆட்டமுமாகப் பேர் வாங்கிய ஐடல் யாராவது முக்கிய வேடத்தில் இருந்தால் அந்தத் தொடர் பக்கமே போகமாட்டார். முகத்துக்கும் ரசிகர் கூட்டத்துக்கும்தான் அவர்களைக் கூப்பிடுகிறார்கள், வந்து நின்று வசனத்தை ஒப்பித்துவிட்டுப் போகிறார்கள் என்பது அவர் கட்சி. கொரியாக்காரர்களே இதற்கு ஒரு பேர் வைத்திருக்கிறார்கள், 'பல்யொன்கி' என்று. காலால் நடிப்பது என்று பொருள். நம்மூரில் "கையால எழுதினியா, காலால எழுதினியா" என்று வாத்தியார் கேட்பாரே, அதே சங்கதி.

ஐயூ பேரைச் சொன்னதும் "அது பாட்டுக்காரப் பொண்ணாச்சே" என்று பேச்சை முடித்துவிட்டார். பாட்டுக்காரர்தான், யார் இல்லை என்றது. 2008 செப்டம்பரில், பதினைந்து வயதில் பாட வந்தவர். பத்து வருடம் கழித்து 2018-இல் லீ ஜி-உன் என்ற சொந்தப் பெயரில் 'மை மிஸ்டர்' செய்தார். அதில் அவர் செய்த ஜி-ஆன் என்ற பெண் அலுவலகத்திலிருந்து திருடிவந்த காபி மிக்ஸ் பொட்டலங்களைக் கிழித்து, ஒரே டம்ளரில் கொட்டி, வெந்நீர் ஊற்றிக் குடிப்பார். அதுதான் அவளுக்கு ராச்சாப்பாடு. பாவமாகப் பார்ப்பது, கண்ணைத் துடைப்பது எதுவும் கிடையாது. பாத்திரம் கழுவுகிற மாதிரி அந்தக் காபியைக் குடித்து முடிப்பார். எனக்கு அந்த இடத்தில் பாடகி காணாமல் போய்விட்டார்.

உங்களுக்கு எந்த இடம்?

சோஜு தம்பி

'ஹோட்டல் டெல் லூனா'. நடிப்பைப் பார்த்தேனா, மாற்றி மாற்றிப் போட்ட உடையைப் பார்த்தேனா என்று குறுக்கு விசாரணை வேண்டாம்.

பழைய பெட்டி

நான் 2011-இலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதனால் வரிசையாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். முதலில் கேபிஎஸ் சேனலின் 'ட்ரீம் ஹை'. பாடகர்களாக ஆசைப்படும் பள்ளிப் பிள்ளைகள் கதை. நடித்தவர்களில் பாதிப் பேர் உண்மையிலேயே ஐடல்கள். மிஸ் ஏ குழுவின் சூசி, டூ பிஎம்மின் டேக்யோன், வூயங் எல்லாரும் அதில்தான். ஐயூ உடம்பைப் பருமனாகக் காட்டும் உறைக்குள் புகுந்துகொண்டு பில்-சுக் என்ற கூச்சக்காரப் பெண்ணாக வருவார். அதற்கு ஒரு மாதம் முன்புதான், 2010 டிசம்பரில், 'குட் டே' பாட்டில் மூன்று படி ஏறும் அந்த உச்சஸ்தாயியைப் பாடி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்திருந்தார். ஆக அது நடிப்பு வாய்ப்பு என்பதைவிட அந்த வருடத்துக் காற்று வீசிய பக்கம் என்று சொல்லலாம்.

அப்புறம் 2013-இல் வார இறுதிக் குடும்பத் தொடர், 'யூ ஆர் தி பெஸ்ட், லீ சூன்-ஷின்'. ஐம்பது பகுதி. முதல் கதாநாயகி வேடமே ஐம்பது பகுதி என்றால் யோசித்துப் பாருங்கள். கதாநாயகிக்குப் பதினாறாம் நூற்றாண்டுக் கடற்படைத் தளபதி யி சன்-சின்னின் பெயரை வைத்ததற்கே வம்பு கிளம்பியது தனிக்கதை. அந்தத் தொடரில் அவர் மோசம் என்று சொல்லமாட்டேன், எட்டு மணிச் சீரியலுக்குத் தேவையானதைச் செய்தார். எனக்கு முதல் பொறி தட்டியது 2015-இல் 'ப்ரொட்யூசர்ஸ்' பார்த்தபோது. சிறு வயதிலேயே மேடையேறி, பெரிய நட்சத்திரமாகி, சிரிக்கவே மறந்துபோன பாடகி சிண்டி. "தன்னையே நடிக்கிறார், இதில் என்ன பெரிய விஷயம்" என்று அப்போது எழுதினார்கள். தன்னைப் போன்ற ஒருத்தியை நடிப்பது சுலபம் என்று யார் சொன்னது?

'மூன் லவ்வர்ஸ்' பற்றி நான் பேசமாட்டேன். வேறு யாராவது பேசுங்கள்.

கறார் கண்ணாடி

நான் பேசுகிறேன். 2016, எஸ்பிஎஸ், லீ ஜூன்-கி எதிரில். சீன நாவலை வைத்து எடுத்த கதை, என்பிசி யுனிவர்சல் பணம் போட்டது, முழுவதையும் எடுத்து முடித்துவிட்டுத்தான் ஒளிபரப்பினார்கள். இத்தனை இருந்தும் ஆரம்பப் பகுதிகளில் ஐயூவைக் கொரியாவில் காய்ச்சி எடுத்தார்கள். அதிலேயே நடித்த எக்ஸோ குழுவின் பேக்யோனையும் சேர்த்துத்தான். காரணம் இல்லாமலும் இல்லை. கோரியோ காலத்து அரண்மனைக்குள் விழுந்த இந்தக் காலத்துப் பெண் என்றால் கண்ணை அகல விரிப்பதைத் தவிர வேறொன்றும் இல்லையா? அதே திங்கள், செவ்வாயில் கேபிஎஸ்ஸில் பார்க் போ-கம் நடித்த 'லவ் இன் தி மூன்லைட்' ஓடி இவர்களைத் தூக்கிச் சாப்பிட்டது. ஒன்பது வருடம் கழித்து 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' தொடரில் அதே போ-கம் இவருக்கு ஜோடி.

ஆனால் என் ஆட்சேபம் வேறு. இழையின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது. ஐயூ ஐடலா? குழு கிடையாது, தனிப்பாடகி. தன் பாட்டைத் தானே எழுதுபவர். ஐடல் நடிகராவது பற்றிப் பேசவேண்டுமானால் ஒன்பது பேரில் ஐந்தாவது ஆளாக நின்ற யாரையாவது எடுத்துப் பேசுங்கள்.

நள்ளிரவு ரசிகன்

கறார் அண்ணா, சரி, ஐயூவைத் தனிப்பாடகி என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஏஜென்சி ஒப்பந்தம், வாராந்திர இசை நிகழ்ச்சி, 'நாட்டின் தங்கச்சி' என்ற பட்டம் எல்லாம் அதே ஆலையில் அரைத்தவைதானே. 'மை மிஸ்டர்' அறிவிப்பு வந்தபோது கொரியர்கள் எந்தப் பெயரை வைத்து முகம் சுளித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? அந்தத் தங்கச்சிப் பட்டத்தை வைத்துத்தான். நாற்பத்தைந்து வயது ஆணும் இருபத்தொரு வயதுப் பெண்ணும் என்றதும் ஒளிபரப்புக்கு முன்பே சண்டை ஆரம்பமாகிவிட்டது.

பூசன் காற்று

ஒன்பது பேர் கேட்டீர்களே, இதோ. ஸீ-ஏ, ஒன்பது பேர் கொண்ட குழு, 2010 ஜனவரியில் வந்தது. இம் சி-வான் அதில் ஒருவர். பூசன் ஊர்க்காரர். அந்தக் குழு முதல் வரிசைக்கு வரவே இல்லை, நம்மில் எத்தனை பேருக்கு அவர்கள் பாட்டு ஒன்றாவது முணுமுணுக்கத் தெரியும் சொல்லுங்கள். 2012-இல் 'தி மூன் எம்ப்ரேசிங் தி சன்' தொடரின் இளவயதுப் பகுதியில் கதாநாயகியின் அண்ணனாக வந்தார். அந்தத் தொடர் நாற்பது சதவீதத்தைத் தாண்டி ஓடியது, ஊரே பார்த்தது.

அடுத்து 2013 டிசம்பரில் 'தி அட்டர்னி'. 1981-இல் பூசனில் புத்தக வட்டம் நடத்திய பிள்ளைகளைப் பிடித்து, சித்திரவதை செய்து, கம்யூனிஸ்ட் என்று வழக்குப் போட்ட பூரிம் வழக்கை ஒட்டிய கதை. அவர்களுக்காக வாதாடிய வக்கீல்களில் ஒருவர் பிற்பாடு ஜனாதிபதியான ரோ மூ-ஹியுன், படத்தில் அந்தச் சாயலில் சாங் காங்-ஹோ. சி-வான் சித்திரவதைக்கு ஆளான மாணவன். ஒரு கோடியே பத்து லட்சம் பேருக்கு மேல் தியேட்டரில் பார்த்த படம். பூசன் பேச்சு அவருக்குத் தாய்ப்பாலோடு வந்தது, அதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சிறையில் அம்மாவைப் பார்த்ததும் உடம்பு நடுங்குமே, அந்த இடத்தில் எதிரே இருப்பது சாங் காங்-ஹோ என்பதையே மறந்துவிட்டு இந்தப் பையனை மட்டும் பார்த்தேன்.

பிறகு 2014-இல் 'மிசேங்'. எனக்கு இதுதான் உச்சம். சின்ன வயதிலிருந்து படுக் என்ற பலகை விளையாட்டு ஒன்றையே கற்றுக்கொண்டு, தொழில்முறை ஆட்டக்காரனாகத் தேறாமல் தோற்று, வேறு எந்தத் தகுதியும் இல்லாமல் ஒரு வர்த்தக நிறுவனத்துக்குள் பயிற்சியாளனாக வந்து விழும் ஜாங் கு-ரே. இதை நான் தொடர் பார்த்து ரொம்ப நாள் கழித்துத்தான் யோசித்தேன். பள்ளிக்கூட வயதில் பயிற்சிக் கூடத்துக்குள் போய், வெளிச்சத்துக்கு வராமலே போகும் ஐடல் பிள்ளைகள் கதையும் இதேதானே. சி-வானுக்கு அந்தச் சட்டை தைத்து வைத்த மாதிரி பொருந்தியதில் ஆச்சரியம் இல்லை. அந்த வருடக் கடைசியில் அரசாங்கம் கொண்டுவரப் பார்த்த ஒப்பந்த ஊழியர் சட்டத்துக்கே 'ஜாங் கு-ரே சட்டம்' என்று பத்திரிகைகள் பேர் வைத்தன. ஒரு பாப் பாடகன் நடித்த வேடத்தின் பேர்! ஊழியர் சங்கங்கள் அந்தச் சட்டத்தை எதிர்த்தன என்பது இன்னொரு வேடிக்கை.

சோஜு தம்பி

'ஸ்க்விட் கேம்' இரண்டாம் சீசனில் 333-ஆம் நம்பர் இவரா?? கிரிப்டோவில் ஊரை ஏமாற்றிவிட்டு வந்த ஆள்? அடப்பாவி, நான் அவரை ஐடல் என்று நினைக்கவே இல்லை.

பூசன் காற்று

அவரேதான் தம்பி. நீ நினைக்காமல் இருந்ததே அவருக்குக் கிடைத்த விருது.

வெட்டும் கத்தரி

குறும்படங்களுக்கு எடிட்டிங் செய்கிறவன், என் பங்குக்கு ஒன்று. ஐடல்களுக்கு நடிப்பு வராததற்குப் பயிற்சிக் குறைவு காரணம் என்கிறார்கள். நான் நினைப்பது நேர்மாறு, அவர்களுக்குப் பயிற்சி அதிகம். இசை நிகழ்ச்சி மேடையில் ஏழெட்டு கேமரா இருக்கும், எதில் சிவப்பு விளக்கு எரிகிறதோ அதை அரை நொடிக்குள் கண்டுபிடித்துப் பார்க்கவேண்டும். அதைத்தான் வருடக்கணக்கில் பழகுகிறார்கள். பாட்டு முடிந்ததும் ஒருவர் முகத்தில் மட்டும் கேமரா நிற்கும், மூச்சு வாங்கிக்கொண்டே அழகாகப் பார்க்கவேண்டும், அதற்கு 'எண்டிங் ஃபேரி' என்று பட்டப்பேரே உண்டு. கேமரா எங்கே இருக்கிறது என்று சதா உடம்புக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். நடிக்க வரும்போது அந்த அறிவைத்தான் முதலில் கழற்றி வைக்கவேண்டும். அதைச் செய்ய முடியாதவர்கள் ஒவ்வொரு குளோசப்பிலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, தன் அழகான கோணத்தைத் தேடுவார்கள். வெட்டி ஒட்டும்போது எங்களுக்குப் பளிச்சென்று தெரியும், ஆள் வசனம் பேசுகிறார், தோள்பட்டை ஃபோட்டோ எடுத்துக்கொள்கிறது.

ஐயூவுக்கு ஜி-ஆன் வேடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். தொடரில் பாதி நேரம் அவர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, அந்த நாற்பத்தைந்து வயது ஆள் பார்க் டாங்-ஹூனின் வாழ்க்கையை ஒட்டுக் கேட்கிறார். அவர் மூச்சுவிடுவது, படியேறுவது, அண்ணன் தம்பிகளோடு சாராயக் கடையில் புலம்புவது எல்லாமே. கேட்கிற முகத்தை நடிப்பதற்கு எந்த நடிப்புப் பள்ளியிலும் பாடம் இருக்கிறதா தெரியாது, ஆனால் சிறு வயதிலிருந்து இயர்போனில் தன் குரலையே கூர்ந்து கேட்டு வளர்ந்த ஒருத்திக்கு அது உடம்பில் இருக்கும். கண் எங்கோ இருக்கும், காது மட்டும் வேலை செய்யும். அப்போது கேமரா நினைப்பு எங்கிருந்து வரும்.

நள்ளிரவு ரசிகன்

கத்தரி, இதை நான் யோசிக்கவே இல்லை. நாளைக்கே நாலாவது தடவை ஆரம்பிக்க வைத்துவிடுவீர்கள் போல.

கறார் கண்ணாடி

எல்லாரும் சேர்ந்து உருகிவிட்டீர்கள், கணக்கு மட்டும் யாரும் பார்க்கவில்லை. 2011-இல் ஒன்று, 2013-இல் இரண்டு, 2015-இல் ஒன்று, 2016-இல் ஒன்று. ஆக 'மை மிஸ்டர்' வருவதற்கு முன் ஐந்து தொடர், அதில் கடைசியானது திட்டு வாங்கியது. நாடகக் குழுவில் பத்து வருடம் நடித்துவிட்டு வந்த ஒரு பெண் இப்படி ஒரு தடவை சறுக்கினால் இரண்டாவது தடவை யாராவது கூப்பிடுவார்களா? அவளை முன்வைத்து வெளிநாட்டில் தொடரை விற்க முடியாது, படப்பிடிப்புத் தளத்துக்கு ரசிகர்கள் காபி வண்டி அனுப்பமாட்டார்கள், விளம்பரக்காரன் தேடி வரமாட்டான். அந்தக் காலத்தில் ஜப்பானும் சீனாவும்தான் சந்தை, ஐடல் முகம் இருந்தால் பாதி வியாபாரம் முன்பே முடிந்தது. 2016-இல் தென்கொரியா அமெரிக்க ஏவுகணைத் தடுப்புக் கருவியை வைக்க ஒப்புக்கொண்ட தகராறில் சீனக் கதவு சாத்திக்கொண்ட பிறகும் பழக்கம் மாறவில்லை. சிபாரிசில் வேலைக்கு வருபவர்களைக் கொரியாவில் பாராசூட் என்பார்கள், மேலேயிருந்து நேராக வந்து இறங்குகிறவர்கள். ஐயூ நல்ல நடிகை ஆனார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கற்றுக்கொள்வதற்கு அவருக்கு ஏழு வருடம் கிடைத்தது, கதாநாயகிச் சம்பளத்தோடு.

பழைய பெட்டி

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நியாயம்தான். ஒன்று மட்டும் சொல்வேன், ஏழு வருடம் கிடைத்த எல்லாரும் கற்றுக்கொள்ளவில்லை. பேர் சொல்லமாட்டேன், உங்களுக்கே பத்துப் பேர் ஞாபகம் வரும்.

செங்கடம்பு

அவசரமாக ஒன்று. முதல் தடவையே வெளுத்து வாங்கியவர்களும் உண்டு. ஏ-பிங்க் குழுவின் ஜங் உன்-ஜி, 2012-இல் 'ரிப்ளை 1997'. அதற்கு முன் நடித்ததே இல்லை. பூசன் பெண், பூசன் பேச்சு, எச்.ஓ.டி. குழுவுக்காக உயிரை விடும் ரசிகை வேடம். ஐடலே ஐடல் ரசிகையாக! கேர்ள்ஸ் டே குழுவின் ஹேரிக்கு 'ரிப்ளை 1988' அறிவித்தபோது வேண்டாம் வேண்டாம் என்று கத்தினார்கள், தொடர் ஓட ஆரம்பித்ததும் டக்-சன் யார் ஹேரி யார் என்று பிரிக்க முடியவில்லை. இரண்டுக்கும் இயக்குநர் ஷின் வொன்-ஹோ. வேடத்துக்கு ஆளைத் தேடினாரா, ஆளுக்கு ஏற்ப வேடத்தை வளைத்தாரா என்பதுதான் எனக்குத் தீராத சந்தேகம்.

நள்ளிரவு ரசிகன்

செங்கடம்பு அக்கா வந்த இடம்தான் நான் வர நினைத்த இடம். 'மிசேங்' இயக்கியவர் கிம் வொன்-சோக். 'மை மிஸ்டர்' இயக்கியவரும் அவர்தான். 2025 மார்ச்சில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' இருக்கிறதே, அதுவும் அவரேதான். சி-வானையும் ஐயூவையும் அவர் பயன்படுத்திய விதத்தில் ஒரு ஒற்றுமை. இரண்டு பேரையும் அலுவலகத்தில் கடைசி நாற்காலியில் உட்கார வைத்தார். பளபளப்பான முகம் உள்ளவர்களை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்காத ஊழியர்களாக்கினார். ஒருவன் பயிற்சியாளன், இன்னொருத்தி தற்காலிக ஊழியர். பார்க்கப்படுவதையே தொழிலாக வைத்திருந்தவர்களைப் பார்க்கப்படாதவர்களாக நடிக்க விடுவது, அதில்தான் சூட்சுமம் என்று தோன்றுகிறது.

அதன் பலனும் கிடைத்தது. ஜப்பானிய இயக்குநர் கோரெ-எடா 'மை மிஸ்டர்' பார்த்துவிட்டுத்தான் ஐயூவை 'ப்ரோக்கர்' படத்துக்குக் கேட்டார். கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வரும் தாய் வேடம். 2022 கான் விழாவில் போட்டிப் பிரிவு, சாங் காங்-ஹோவுக்குச் சிறந்த நடிகர் விருது. கறார் அண்ணா, இங்கே காபி வண்டி வேலை செய்யவில்லை.

கறார் கண்ணாடி

வேலை செய்யவில்லை, சரி. 'டேஞ்சரின்ஸ்' பற்றி நான் சொல்வதையும் கேளுங்கள். ஜேஜூ தீவு, 1951-இல் பிறந்த ஏ-சுன், பிறகு அவள் மகள் கும்-மியங், இரண்டுமே ஐயூ. மகள் வேடத்தில் பிரமாதம். சியோலுக்குப் போய்ப் படிக்கும் பெண், அம்மாவிடம் ஃபோனில் எரிந்து விழுந்துவிட்டு அப்புறம் வருத்தப்படுவது எல்லாம் நம் வீட்டில் நடப்பது. ஆனால் இளவயது ஏ-சுன் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே துறுதுறு. ஏ-சுன்னின் அம்மாவாக, கடலுக்குள் மூச்சடக்கி மூழ்கும் ஹேன்யோவாக வந்த யோம் ஹே-ரான் சில பகுதிகளிலேயே மொத்தத் தொடரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொரியாவின் பெக்சாங் விருதும் அவருக்குத்தான் போனது, துணை நடிகைக்கு. அவர் மேடை நாடகத்திலிருந்து வந்தவர் என்பதை நினைவுபடுத்திவிட்டு உட்காருகிறேன்.

செங்கடம்பு

வயதான ஏ-சுன்னாக மூன் சோ-ரி வரும்போது இளவயது ஐயூ தலையைத் திருப்புகிற விதம் அப்படியே தெரிந்தது எனக்கு. யார் யாரைப் பார்த்துச் செய்தார்களோ.

வெட்டும் கத்தரி

இடையில் ஒரு வேண்டுகோள். 'ஸ்க்விட் கேம்' மாதிரி தமிழ்க் குரலில் பார்த்துவிட்டு "நடிப்பு சரியில்லை" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். குரல் கொடுத்தவர் நம்மூர்க்காரர், பாதி நடிப்பு அவருடையது. பாடகரைக் குரலை எடுத்துவிட்டு மதிப்பிடுவது எந்த ஊர் நியாயம்? 'மை மிஸ்டர்' எல்லாம் கொரியக் குரலில்தான் பார்க்கவேண்டும். ஐயூ அதில் குரலை எவ்வளவு கீழே இறக்கியிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரியும். 'குட் டே' பாடிய அதே தொண்டை.

அரைத்த மாவு

இழை முழுவதையும் இப்போதுதான் படித்தேன். நான் எல்லாரையும்விட ஒரு படி பின்தங்கியவள், எனக்கு ஐயூ பாடகி என்பதே 'மை மிஸ்டர்' முடிந்த பிறகுதான் தெரியும். என் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அவரோடு உட்கார்ந்து தினம் ஒரு பகுதியாகப் பார்த்தோம், கீழே வரும் வரிகளை நான் படித்துச் சொல்லவேண்டும். அம்மா மூன்றாவது நாளே ஜி-ஆனைத் தத்தெடுத்துக்கொண்டார். "இந்தப் பொண்ணு ஒரு வாய் சோறு தின்னு நான் பார்க்கலையே" என்பதுதான் தினசரிக் கவலை. காது கேளாத பாட்டியை நிலா பார்க்கக் கடைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் காட்சியில் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார், அழுவதை நாங்கள் பார்க்கக்கூடாதாம்.

முடிந்த மறுநாள் 'குட் டே' காணொளியைப் போட்டுக் காட்டினேன். ரிப்பன், குட்டைப் பாவாடை, சிரிப்பு, அந்த மூன்று படி உச்சஸ்தாயி. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கேட்டார், "இது யாரு, அந்தப் பொண்ணோட தங்கச்சியா?"

நள்ளிரவு ரசிகன்

இதை அப்படியே என் ஆபீஸ்காரருக்கு அனுப்புகிறேன்.